ஒரு ஸ்டாப் தாண்டாத ரைட்டண்ணன்

நடக்கிறவர்கள் எல்லாரும் எங்காவது போய்ச் சேரத்தான் நடப்பார்கள். திரும்பி வருவதற்கென்றே நடந்த ஓர் ஆளை நான் பார்த்திருக்கிறேன் என்றால், அது எங்கள் பஜார் ரைட்டண்ணன்தான். மூணாறை அடுத்த மலையில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், தேயிலைத்தூளும் சாக்லேட்டும் விற்கிற என் கடை வாசலிலிருந்து காலையில் புறப்படுவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருப்பார். மூச்சு வாங்காது, முகத்தில் சிரிப்புகூட இருக்கும். பைப்படி வந்ததும், குடம் வைத்துக் காத்திருக்கிற பெண்களைக்கூடப் பார்க்காமல், சுவரில் முட்டிக்கொண்டவர் போலத் திரும்பிவிடுவார். பைப்படியைத் தாண்டி ஓரடி வைக்க மாட்டார். அடுத்த வாரம் பார்த்தால் பாக்டரி கேட் வரை போய் அதே மாதிரி திரும்புவார்.

டூரிஸ்டுகள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வடநாட்டு அம்மாள் அவர் காலைத் தொட்டுக் கும்பிடவே குனிந்துவிட்டார். கால் விஷயத்தில் அவர் யாரையும் நம்புவதில்லை என்பதால், இரண்டு காலையும் ஒரேயடியாக இழுத்துக்கொண்டு பின்னால் குதித்தார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை போகிற ஒரு தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். "ரைட்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டியவர். சாப்பாடு ஆச்சா என்றால் ரைட். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்று தகவல் வந்தபோதும் ரைட். ஓர் இழவு வீட்டில் பாடையைத் தூக்குகிற நேரத்தில் பழக்கதோஷத்தில் "ரைட்" என்று சொல்லிவிட்டாராம். தூக்கியவர்கள் அதே வேகத்தில் சுடுகாடு வரை ஓடினார்களாம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

ஆடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் நின்ற உடம்பு ஆடாத தரையை நம்பாது. ரோட்டில் நடக்கும்போது வளைவு வந்தால் ரைட்டண்ணன் எதிர்ப்பக்கம் சாய்வார். வலது கை தானாக மேலே போய், இல்லாத கம்பியைப் பிடித்துக்கொள்ளும். எதிரே வருகிற டூரிஸ்டுகள் தங்களுக்குத்தான் கை காட்டுகிறார் என்று அவர்களும் கையை ஆட்டுவார்கள்.

"நல்ல ஜனங்க தங்கச்சி. எந்த ஊருன்னே தெரியல, பாத்த ஒடனே கை காட்டுதாங்க" என்று என்னிடம் வந்து சந்தோஷப்படுவார்.

நடைப்பயிற்சி என்று யாராவது பேசினால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"நீங்க என்னத்த நடந்தீங்க? நான் மூணாறுலேருந்து உடுமலப்பேட்டைக்குத் தெனமும் நடந்தவன்."

"பஸ்ஸுலதான போனீங்க?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு பாட்டுக்குப் போச்சு. நான் அதுக்குள்ள நடந்துக்கிட்டே போனேன். முன்வாசலு, பின்வாசலு, திரும்ப முன்வாசலு. டிரைவருதான் உக்காந்து வந்தான்."

அப்படி உட்கார்ந்து வந்த டிரைவர் சின்னையா அண்ணன். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வேலைக்குச் சேர்ந்து ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர்கள். முப்பது வருஷமும் சண்டை. ஏன் நிறுத்தினாய், ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சே கிடையாது. ஓய்வுக்குப் பிறகு சின்னையா அண்ணன் தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், மகன் வீட்டில் இருந்தார். மகனுக்குச் சம்பளம் வந்த மறுநாள் ஜீப்பில் கீழே இறங்கி வந்து, என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ரைட்டண்ணனோடு பழைய சண்டையைப் புதுப்பித்துவிட்டுப் போவார். சண்டை போட ஆள் தேடி ஜீப்புக்குக் காசு கொடுத்து வருகிறாரே என்று எனக்கு அது ஓர் ஆச்சரியம்.

ஒரு மழைக்காலத்தில் மேல் டிவிசன் ரோட்டில் மண் சரிந்து பாதி ரோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஜீப் போகாது, பைக்கும் போகாது. தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். அந்த நேரம் பார்த்துச் சின்னையா அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆசுபத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, அதே நாற்காலியில் மேலே கொண்டுபோனார்கள். வலது கை, வலது கால் சரியாக வரவில்லை. பேச்சு குழறியது. போனைக் காதில் வைத்தால் தட்டிவிடுகிறார் என்றார்கள்.

கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ரைட்டண்ணன் ஓடிவந்தார். வந்து என்ன செய்வது? அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. உடம்பும் நல்ல கனம். தூக்கிக்கொண்டு போகலாமா என்று ஜீப்காரர்கள் ஆலோசனை செய்தார்கள்.

"தூக்கிருவோம்ணே. ஆனா நாலு பேரு பத்தாது. எட்டுப் பேரு வேணும், நடுவுல ரெண்டு தடவ சாப்பாடு போடணும்" என்றான் முருகேசன்.

ரைட்டண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நடந்தே போகிறேன் என்று முடிவெடுத்தார்.

இந்த முருகேசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டூரிஸ்டுகளை விடியற்காலையில் மலைமேல் ஏற்றிப் போய்ச் சூரியனைக் காட்டுகிற ஜீப் டிரைவர். என் கடைக்குத் தீப்பெட்டி வாங்க வந்தாலும் ஜீப்பில் வந்து, இறங்காமல் ஹாரன் அடிப்பான். அப்படிப்பட்டவன்தான் எங்கள் பஜார் வாட்ஸப் குரூப்பில் தினமும் முதல் இடம். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று போன் எண்ணுகிறதே, அதைப் போட்டுக் காட்டுகிற குரூப் அது. தபால் கொடுக்க மலை மலையாக ஏறி இறங்குகிற தபால்காரரே முருகேசனுக்குப் பாதிதான் வருவார்.

"முருகேசனே இம்புட்டு நடக்கான்னா, உடுமலப்பேட்ட பாத்த காலு நடக்காதா?" என்றார் ரைட்டண்ணன். முருகேசன் கணக்கைத் தொட்டுவிட்டால் மேல் டிவிசன் ஏறிவிடலாம் என்பது அவர் திட்டம். மகள் கொடுத்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேய்ந்த ரப்பர் செருப்போடு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பஜாரை மேலும் கீழும் அளந்தார்.

மூன்றாம் நாள் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். சிமெண்டுத் தரையில் ஒரு கால் விட்டு ஒரு கால் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அண்ணே, வெத்தல எச்சில மிதிச்சிட்டீங்களா?"

"இல்லியே."

காலைத் தூக்கிப் பார்த்தார். கொப்புளம் உடைந்து, அதற்குள் ஒரு சின்னக் கல் குடித்தனம் வைத்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கு அங்கேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தக் காலோடு அவர் பெட்டிக்கடைக்குப் போய் எனக்குச் சோடா வாங்கிவந்து கொடுத்தார்.

டாக்டரம்மா மலையாளி. புண்ணை முறிவு என்பார். தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றித் திட்டினார்.

"இத்ர பெரிய முறிவு இருக்கு. நீங்க அறிஞ்ஞில்லே?"

"வலிக்கல டாக்டர்."

"அதுதான் பிரஸ்னம். வலிச்சா நல்லது. வலிக்கலேன்னா பேடிக்கணும்."

பேடிக்கணும் என்றால் பயப்படணும். அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் டாக்டர் என்று சொல்ல வாய் வந்தது. எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்றதே, ஒன்பதாம் வகுப்புக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால்தான்.

சர்க்கரை காலின் உணர்ச்சியைக் குறைத்துவிடும், கவனிக்காமல் விட்டால் விரலில் ஆரம்பித்துக் காலையே எடுக்கவேண்டி வரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ரைட்டண்ணன் முதல்முறையாக ரைட் என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். நடக்கவே வேண்டாம் என்கிறார்களோ என்று பயந்திருப்பார்.

"நடக்கண்டான்னு நான் சொல்லல. முறிவு முழுசா ஆறட்டும். நல்ல ஷூ போடணும், தினமும் காலைப் பார்க்கணும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். ஒரே நாள்ல மலை கேறக்கூடாது."

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் என்னை அரித்தது ஒரே கேள்வி. ஜீப்பை விட்டு இறங்காத முருகேசன் எப்போது நடக்கிறான்? ஒருநாள் சரக்கு எடுக்க அவன் ஜீப்பிலேயே மூணாறு போனேன். ஏறும்போது என் போனைப் பார்த்தேன். இறங்கும்போது பார்த்தேன். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேண்டாத சாமியெல்லாம் வேண்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில்தான் இருந்தேன். போன் அது பாட்டுக்கு நடந்திருந்தது. ஜீப் குழியில் விழுந்து எழுந்த குலுக்கலையெல்லாம் ஓரடி, ஓரடி என்று எண்ணியிருக்கிறது.

முருகேசனிடம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. ஏமாற்றவேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"அப்ப நான் நடக்கலியாக்கா?"

"இல்லப்பா."

"நெஞ்செல்லாம் லேசான மாதிரி இருந்துச்சேக்கா."

ரைட்டண்ணனிடமும் போய்ச் சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப மூணு நாளும் நான் ஜீப்போட ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கேன்."

"ஆமாண்ணே."

"கிட்டத்தட்ட ஜெயிச்சுட்டேன் தங்கச்சி."

காலில் புதுத்தோல் வந்த பிறகு ஆரம்பித்ததுதான் அந்தத் திரும்பி வருகிற நடை. குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். மேல் டிவிசன் வரைக்கும் ஸ்டாப் குறித்தார். பைப்படி, பாக்டரி கேட், காலையில் வேலையாட்களுக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களம், பாலம், மண் சரிந்த இடம், கோயில் வளைவு, லயம்.

"புது ரூட்டுன்னா மொத நாளே கடைசி வரைக்கும் விடமாட்டாங்க தங்கச்சி. பக்கத்து ஸ்டாப்பு வரைக்கும் ஓட்டணும். வண்டி தாங்குதான்னு பாக்கணும். தாங்குனா அடுத்தது. சூடாச்சுன்னா ஒரு ஸ்டாப்பு பின்னால."

உடுமலைப்பேட்டை ரூட்டை யாரும் அப்படித் திறந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. ஒரு ஸ்டாப் என்றால் ஒரு வாரம் முழுக்க அதுவரைதான். பாலத்துக்கு மட்டும் தூரம் அதிகம் என்று இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டி சர்வீஸுக்கு நிற்கும். அன்று யார் கூப்பிட்டாலும் நடக்க மாட்டார். எதிர்க்கடைக்காரர் இறந்த அன்றுகூட ஆட்டோவில்தான் எதிர்ப்பக்கம் போனார்.

ஷூ வாங்கியது தனிக் கதை. காலையில் வாங்கினால் காலையிலுள்ள காலுக்குத்தான் பொருந்தும், நடந்தால் கால் கொஞ்சம் வீங்கும் என்று டாக்டரம்மா சொன்னதால், சாயங்காலம் கடைக்குப் போனார். ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குள் முன்வாசலிலிருந்து சுவர் வரைக்கும், சுவரிலிருந்து முன்வாசல் வரைக்கும், இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒருவர் பழக்கத்தில் பையிலிருந்து சில்லறையை எடுத்துவிட்டார். விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமுக்கி அமுக்கிப் பார்த்து, கடைசியில் கடைக்காரர் பூட்டைக் கையில் எடுத்த பிறகுதான் வாங்கினார்.

நடந்து வந்ததும் ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றித் தட்டுவார். பிறகு உள்ளங்காலைப் பார்ப்பார். குனிய வயிறு விடாது என்பதால், பழைய பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து என் கடைப் பெஞ்சுக்கு எதிரே கல்லில் சாய்த்து வைத்திருந்தார். ஒரு காலைத் தூக்கி அதற்கு நேரே காட்டி, பின்னால் லாரி வருகிறதா என்று பார்ப்பவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். விரலிடுக்கைப் பார்க்க என்னைக் கூப்பிடுவார். சாக்லேட் வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு விலை கேட்காமல் போன நாட்களும் உண்டு.

இறக்கம் அவருக்குப் புதுப்பாடம். போனுக்கு ஏற்றமும் தெரியாது இறக்கமும் தெரியாது, காலுக்குத்தான் தெரியும் என்பார். பாலத்திலிருந்து இறங்கிய முதல் நாள் பெருவிரல் நகத்தடியில் சிவந்திருந்தது. மறுநாளே பெரட்டுக்களத்துக்குப் பின்வாங்கினார். நகத்தை நேராக வெட்டினார், இறங்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டினார், சின்னச் சின்ன எட்டாக வைத்தார். பார்த்தால் கண்ணாடிப் பாத்திரம் சுமப்பவர் மாதிரி இருக்கும்.

இப்படி மண் சரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்த வாரத்தில்தான் சின்னையா அண்ணனின் மனைவி பேச்சியம்மா மருந்து வாங்கக் கீழே வந்தார். கடை வாசலில் நின்று அழுதுவிட்டார்.

"கட்டில விட்டு எறங்க மாட்டேங்காரு அண்ணாச்சி. நடந்தாத்தான் காலு வரும்னு டாக்டரு சொல்லியிருக்கு. சொவத்தப் பாத்துப் படுத்துக்கெடக்காரு. நீங்க ஒரு எட்டு வந்து ஏசுனீங்கன்னா எந்திரிப்பாரு."

ரைட்டண்ணன் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பேச்சியம்மாவோடு, பாலத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே போனேன். மண் சரிந்த இடம் வந்தது. அங்கிருந்து பார்த்தால் லயத்துத் தகரம் தெரியும். நின்றார். அங்கே வளைவு கிடையாது. ஆனாலும் அவர் கை மேலே போய் எதையோ பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிற எனக்கே அன்று கோபம் வந்தது.

"அண்ணே, தகரம் தெரியுது. இன்னுங் கொஞ்சந்தான்."

"தெரியுது."

"ஒருநாள் தாண்டுனா என்னாயிரும்?"

"தாண்டுனா போய்ப் பாத்துருவேன். நாளைக்கு யாரு பாப்பா? ஒரு தடவ ஓடுனா அது சுத்துலா. தெனமும் ஓடுனாத்தான் ரூட்டு." பேச்சியம்மாவைப் பார்த்தார். "வண்டி கெளம்பிருச்சுன்னு சொல்லு தாயி. மண்ணு சரிஞ்ச எடத்துல நிக்கி, லேட்டாவும்னு சொல்லு."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. அதற்குள் சின்னையா அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதர் அந்த ஸ்டாப்பிலேயே நின்றுவிடுவாரே என்று நினைத்து நினைத்து இரண்டு தடவை கல்லாவைப் பூட்ட மறந்தேன்.

நாலைந்து நாள் கழித்து மேலே இருந்து கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். சின்னையா அண்ணன் குழறிக் குழறிக் கேட்டாராம், வண்டி எங்கே வருகிறது என்று. ரைட்டண்ணன் பதில் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து தினமும் கேள்வி மேலேயிருந்து வரும், பதில் கீழேயிருந்து போகும். கோயில் வளைவு தொட்டாச்சு. இன்று சர்வீஸ். குதிகால் சூடாக இருக்கிறது, ஒருநாள் லேட். இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது என்று ஒருநாள் மேலேயிருந்து வசவு வந்தது. அன்று ரைட்டண்ணன் கடையிலிருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

கடைசி ஸ்டாப்புக்குப் போன அன்று நானும் போனேன். பஞ்சு, மருந்து, மாற்றுச் சாக்ஸ், அட்டைப்பூச்சிக்கு உப்பு, சர்க்கரை இறங்கினால் வாயில் போட மிட்டாய், குடை, இரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாம் என் பையில். அவர் கையை வீசிக்கொண்டு வந்தார்.

லயத்து வாசலில் சின்னையா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இடது கையால் நிலையைப் பிடித்தபடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆனால் நின்றுகொண்டிருந்தார்.

"மொதல்ல சன்னலு வரைக்கும் எந்திரிச்சாரு. அப்புறம் வாசலு. வண்டி வருதான்னு பாக்கணுமாம்" என்றார் பேச்சியம்மா.

"லே...ட்டு" என்றார் சின்னையா அண்ணன்.

"ரோடு செரியில்ல" என்றார் ரைட்டண்ணன். உடனே குரலை உயர்த்தினார். "ஒன்ன யாருடே ஒரே மூச்சுல வாசல் வரைக்கும் வரச் சொன்னா? நடுவுல உக்காந்தியா? காலக் காட்டு."

சின்னையா அண்ணன் காட்ட மாட்டேன் என்றார். இவர் விடவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒருவர் குழறியும் ஒருவர் கத்தியும், பழைய மறையூர் ஸ்டாப் தகராறு வரைக்கும் போய் வந்தார்கள். நடுவில் பேச்சியம்மா கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

இப்போது ரோட்டைச் சரிசெய்து ஜீப் போகிறது. ரைட்டண்ணன் வாரத்தில் மூன்று நாள் நடந்துதான் போகிறார். முருகேசன் பக்கத்தில் ஜீப்பை மெதுவாக்கி ஏறச் சொல்லிக் கெஞ்சுவான். பஜாருக்குப் புதிதாக வந்த ஓட்டல்காரர்கள் அவரைப் பைத்தியம் என்கிறார்கள்.

கடைசி ஸ்டாப் தொட்ட அன்று திரும்பி இறங்கும்போது, கோயில் வளைவில் நின்று ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு சொன்னார்:

"முப்பது வருசமும் அவம் பிடரியத்தான் தங்கச்சி பாத்திருக்கேன். கண்ணாடிப் பக்கத்துல அவன், பின்னால நான். எதுத்தாப்புல உக்காந்து மூஞ்சியப் பாத்தா, நல்ல மூஞ்சிதான்."

நான் அவருக்கு ஓர் எட்டு முன்னால் போய், பாதையில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகக் காலால் தேயிலைக்குள் ஒதுக்கிக்கொண்டே, பஜார் வரைக்கும் இறங்கினேன்.